நடுவில் நிற்பவர்களை எப்படி எண்ணுவது?

60 பேர் கொண்ட ஒரு குழு. அதில் 35 பேருக்கு நீச்சல் தெரியும், 40 பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். கூட்டிப் பார்த்தால் 75 வருகிறது. ஆள் இருப்பதோ 60தான். இரண்டும் தெரிந்தவர்கள் நீச்சல் பட்டியலில் ஒரு தடவையும் சைக்கிள் பட்டியலில் ஒரு தடவையும் எண்ணப்பட்டிருக்கிறார்கள். கூடுதலாக வந்த 15 அவர்களால் வந்ததுதான்.

இதைப் பார்த்ததும் பலர், ‘அப்படியானால் இரண்டும் தெரிந்தவர்கள் 15 பேர்’ என்று முடித்துவிடுவார்கள். அது அவசரம். குழுவில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்றாவது தெரியும் என்றால்தான் 15 சரி. அப்படி யாரும் சொல்லவில்லையே. இரண்டுமே தெரியாதவர்கள் 4 பேர் இருந்தால், ஏதாவது ஒன்று தெரிந்தவர்கள் 56 பேர். 75இல் 56 போனால் 19. இரண்டும் தெரியாதவர்கள் 10 பேர் என்றால், விடை 25. இப்படி எதுவரை போகலாம்? நீச்சல் தெரிந்த 35 பேருக்கும் சைக்கிளும் தெரியும் என்ற நிலைவரை போகலாம், அதைத் தாண்ட முடியாது. ஆக, கொடுத்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 15 முதல் 35 வரை ஏதோ ஒன்று.

ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்பது சுலபமாகக் கிடைக்கும் தகவல். பட்டியலைப் புரட்டினால் போதும். இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும். ஆனால் மற்ற எல்லா விடைகளும் அந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. குழுவுக்கு ஒரு வட்டம் என்று ஒன்றையொன்று வெட்டும்படி வரையும் வென்படம் செய்யும் பெரிய உதவியே, அந்த எண்ணுக்கு ஒரு காலி இடத்தை ஒதுக்கி, ‘இங்கே என்ன எழுதப் போகிறாய்?’ என்று நம்மைக் கேட்பதுதான்.

ஜான் வென் கேம்பிரிட்ஜில் தர்க்கவியல் கற்பித்தவர். இந்தப் படத்தை அவர் விளக்கிய கட்டுரை 1880இல் வந்தது. அவருக்கு முன்பே வட்டம் போட்டவர்கள் உண்டு. 1760களின் தொடக்கத்தில் கணிதவியலாளர் ஆய்லர் ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களை வைத்துத் தர்க்கத்தை விளக்கியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சின்னதாகத் தோன்றும், ஆனால் எண்ணும் வேலைக்கு அதுதான் முக்கியம். ஆய்லர் ஏற்கெனவே தெரிந்த உறவை வரைவார்: ஒரு குழு முழுவதும் இன்னொன்றுக்குள் அடங்கினால் வட்டத்துக்குள் வட்டம், தொடர்பே இல்லையென்றால் தனித்தனி வட்டம். வென் அப்படிச் செய்யவில்லை. எல்லா வாய்ப்புகளுக்கும் முதலிலேயே இடம் விட்டு வரைந்துவிடு, யாரும் இல்லாத பகுதியை அப்புறம் நிழலிட்டு அடைத்துக்கொள் என்றார். அதாவது, விஷயம் தெரிவதற்கு முன்பே படத்தை வரைய முடிகிறது. ஒன்றும் தெரியாத நிலையில் தொடங்கி, தெரியத் தெரிய நிரப்பிக்கொண்டே போகலாம்.

வட்டங்களைச் சுற்றி நாம் இப்போது ஒரு செவ்வகம் போடுகிறோமே, அந்தப் பழக்கம் வெனுடையது இல்லை. வட்டங்களுக்கு வெளியே உள்ள இடத்தை அவர் எல்லையில்லாமல் விட்டுவிட்டார். வெளியே நிற்பவர்களையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து, அவர்களும் ஒரு பகுதிதான் என்று காட்டியவர்களில் ஒருவர் லூயிஸ் கரோல். கதைகளால் புகழ்பெற்ற அதே கரோல்தான். தொழிலால் அவர் கணித ஆசிரியர். எதிலும் சேராதவர்களுக்கு ஓர் இடம் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதற்கு, மேலே பார்த்த 60 பேர் கணக்கே சாட்சி.

சரி, மூன்று குழுக்களுக்குப் போவோம். ஒரு நூலகத்தில் 200 உறுப்பினர்கள். கதைப் புத்தகம் எடுப்பவர்கள் 110, வரலாறு எடுப்பவர்கள் 80, அறிவியல் எடுப்பவர்கள் 70. கதையும் வரலாறும் எடுப்பவர்கள் 38. வரலாறும் அறிவியலும் 25. கதையும் அறிவியலும் 32. மூன்றையும் எடுப்பவர்கள் 12. இந்த மூன்றில் எதையுமே எடுக்காதவர்கள் எத்தனை பேர்?

மூன்று வட்டங்களை ஒன்றோடொன்று வெட்டும்படி வரைந்தால், வெளியே உள்ளதையும் சேர்த்து 8 பகுதிகள் கிடைக்கும். எந்தப் பகுதியில் தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலில் கொடுக்கப்பட்ட எண் 110 என்பதற்காக அதைக் கதை வட்டத்துக்குள் எழுதிவிட்டால் கணக்கு அங்கேயே கெட்டது, ஏனென்றால் 110 என்பது முழு வட்டம், அதற்குள் நான்கு துண்டுகள் இருக்கின்றன. எனவே நடுவில் தொடங்க வேண்டும். மூன்று வட்டமும் சந்திக்கும் இடத்தில் 12. அதிலிருந்து ஒரு படி வெளியே வந்தால், கதையும் வரலாறும் சந்திக்கும் இடம். அங்கே 38 எழுதக் கூடாது. அந்த 38 பேரில், அறிவியலும் எடுக்கும் 12 பேர் ஏற்கெனவே நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். மீதி 26. அதேபோல் வரலாறும் அறிவியலும் மட்டும் எடுப்பவர்கள் 13, கதையும் அறிவியலும் மட்டும் எடுப்பவர்கள் 20. இன்னும் ஒரு படி வெளியே வருவோம். கதை மட்டும்: 110இல் 26, 20, 12 போக 52. வரலாறு மட்டும் 29. அறிவியல் மட்டும் 25. ஏழு துண்டுகளையும் கூட்டினால் 177. வெளியே நிற்பவர்கள் 23.

இப்போது அந்த ‘38’ என்ற எண்ணை மறுபடி எடுத்துக்கொள்வோம். ‘கதையும் வரலாறும் எடுப்பவர்கள் 38’ என்பதை, ‘கதையும் வரலாறும் மட்டுமே எடுப்பவர்கள் 38’ என்று ஒருவர் படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் அப்படியே படிக்கிறார். அவர் படத்தில் கதை மட்டும் 28, வரலாறு மட்டும் 5, அறிவியல் மட்டும் 1 என்று வரும். மொத்தம் 141, வெளியே 59. முன்பு வந்த 23 எங்கே, இந்த 59 எங்கே! ஒரே ஒரு ‘மட்டும்’ செய்த வேலை இது. இதில் மோசமான விஷயம், தப்பாகப் படித்த படத்திலும் எந்த எண்ணும் எதிர்மறையாக வரவில்லை, எதுவும் 200ஐத் தாண்டவும் இல்லை. கூட்டல் சரியாக இருக்கிறது. விடையைப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. வென்படக் கணக்குகளில் மாணவர்கள் தடுமாறுவது கழித்தல் வராததால் இல்லை, வாக்கியத்தைப் படிப்பதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘குறைந்தது இரண்டு’, ‘சரியாக இரண்டு’, ‘இரண்டில் ஏதாவது ஒன்று’, ‘இரண்டில் ஒன்று மட்டும்’ ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு பகுதிகளைச் சுட்டுகின்றன. நம் நூலகத்தில் குறைந்தது இரண்டு வகை எடுப்பவர்கள் 71, சரியாக இரண்டு வகை எடுப்பவர்கள் 59. அன்றாடப் பேச்சில் இரண்டையும் ஒன்றுபோலத்தான் சொல்வோம். படத்தில் நிழலிடப் போனால் மாட்டிக்கொள்வோம்.

அதே கணக்கைப் படமே போடாமல் ஒரு வரியில் முடிக்கலாம். 110ஐயும் 80ஐயும் 70ஐயும் கூட்டு: 260. இரண்டிரண்டாகப் பொதுவானவர்களைக் கழி: 38, 25, 32, ஆக 95, மீதி 165. மூன்றுக்கும் பொதுவான 12ஐத் திரும்பக் கூட்டு: 177. பள்ளியில் இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்கள் பலருக்கு அந்தக் கடைசி 12ஐ ஏன் கூட்டுகிறோம் என்பது கடைசிவரை பிடிபடுவதில்லை. மூன்றையும் எடுக்கும் ஒரே ஒரு வாசகரைப் பின்தொடர்ந்து பார்த்தால் போதும். கூட்டும்போது அவர் மூன்று பட்டியலிலும் வந்தார்: 3 தடவை. கழிக்கும்போது மூன்று ஜோடிகளிலும் இருந்தார்: 3 தடவை போய்விட்டார். இப்போது அவர் கணக்கில் இல்லவே இல்லை. ஆள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார், நம் கணக்கில் பூஜ்யம். அதனால்தான் ஒரு தடவை திரும்பச் சேர்க்கிறோம்.

நான்கு குழுக்கள் என்றாலும் இதே கதைதான். நான்கிலும் இருப்பவர் முதலில் 4 தடவை எண்ணப்படுவார். ஜோடிகள் 6, கழித்தால் −2. மும்மூன்றாகச் சேர்த்தால் 4, கூட்டினால் 2. நான்கும் சேர்ந்தது 1, கழித்தால் 1. எத்தனை குழுக்கள் ஆனாலும் கூட்டு, கழி, கூட்டு, கழி என்று போனால் ஒவ்வொருவரும் கடைசியில் சரியாக ஒரு தடவைதான் நிற்பார்.

சூத்திரம் நான்குக்கும் ஐந்துக்கும் அலட்டிக்கொள்வதில்லை. படம்தான் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். நான்கு குழுக்களுக்கு 16 பகுதிகள் வேண்டும். நான்கு வட்டங்களை எப்படித் திருப்பித் திருப்பி வைத்தாலும், வெளிப்பகுதியையும் சேர்த்து 14க்கு மேல் கிடைக்காது. இரண்டு வட்டங்கள் அதிகபட்சம் இரண்டு புள்ளிகளில்தான் வெட்டிக்கொள்ள முடியும் என்பதுதான் காரணம். நான்கு வட்டம் போட்ட படத்தை எங்காவது பார்த்தால் அதில் குறைந்தது இரண்டு வாய்ப்புகள் விடுபட்டிருக்கின்றன என்று தயங்காமல் சொல்லிவிடலாம். வென் இதை அறிந்தே நான்கு குழுக்களுக்கு நீள்வட்டங்களை வரைந்தார். ஐந்து குழுக்களையும் ஒரே அளவுள்ள நீள்வட்டங்களால் காட்ட முடியும் என்று 1975இல் கிரன்பாம் என்ற கணிதவியலாளர் காட்டினார். அதற்கு மேல் போவது கணிதக் கலைஞர்களின் விளையாட்டு. 2012இல் வாழையின் மரபணுத் தொகுதியைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றில் ஆறு தாவரங்களின் மரபணுக் குடும்பங்களை ஒப்பிட்டு ஒரு வென்படம் போட்டிருந்தார்கள், அதுவும் வாழைப்பழ வடிவத்தில். பார்க்க அழகு. ஆனால் ஒரு எண் எந்த ஐந்துக்குப் பொதுவானது, எந்த ஆறாவதில் இல்லை என்று அதில் கண்டுபிடிக்க விரலை வைத்துக் கோடு பிடித்துக்கொண்டே போக வேண்டும். இதற்காகவே 2014இல் அப்செட் என்ற வரைபட முறை வந்தது. அதில் வட்டமே கிடையாது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பட்டை, கீழே அது எந்தெந்தக் குழுக்களின் சேர்க்கை என்று புள்ளிகள். ஐந்தைத் தாண்டினால் அதுதான் புத்திசாலித்தனம்.

படமில்லாமல் சூத்திரம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு ஒரு நல்ல இடம் எண்கள்தான். 1 முதல் 100 வரை 2ஆல், 3ஆல், 5ஆல், 7ஆல் வகுபடும் எண்கள் நான்கு குழுக்கள். அவற்றின் அளவு 50, 33, 20, 14. கூட்டினால் 117. இரண்டிரண்டாகப் பொதுவானவை, அதாவது 6, 10, 14, 15, 21, 35 ஆகியவற்றால் வகுபடுபவை, மொத்தம் 45. மும்மூன்றாகப் பார்த்தால் 30ஆல் வகுபடுபவை 3, 42ஆல் 2, 70ஆல் 1. 105 நூறைத் தாண்டிவிட்டது. நான்கும் சேர்ந்தால் 210, அதுவும் இல்லை. 117 − 45 + 6 = 78. எந்த எண்ணிலும் அகப்படாதவை 22. இதில் 1ஐ விட்டுவிட்டு, நாம் பயன்படுத்திய 2, 3, 5, 7 ஆகிய நான்கையும் திரும்பச் சேர்த்தால் 25. நூறுக்குள் உள்ள பகா எண்கள் மிகச்சரியாக 25. இந்த நான்கைத் தவிர வேறு ஒரு பகா எண்ணைக்கூடப் பெயர் சொல்லி அழைக்காமல் அவை எத்தனை என்று எண்ணிவிட்டோம்.

பொதுவானவர்கள் பற்றித் தகவலே இல்லாவிட்டால் என்ன செய்வது? கரோல் 1880களில் போட்ட புதிர் ஒன்று இதற்குப் பொருத்தம், சற்றுக் கொடூரமானதும்கூட. போரிலிருந்து திரும்பிய முதிய சிப்பாய்களில் 70 சதவீதம் பேர் ஒரு கண்ணை இழந்தவர்கள், 75 சதவீதம் பேர் ஒரு காதை, 80 சதவீதம் பேர் ஒரு கையை, 85 சதவீதம் பேர் ஒரு காலை. நான்கையும் இழந்தவர்கள் குறைந்தது எத்தனை சதவீதம்? படம் வரையத் தொடங்கினால் தலை சுற்றும். இப்படிப் பாருங்கள்: 100 சிப்பாய்களிடம் மொத்த இழப்புகள் 70, 75, 80, 85, ஆக 310. ஆளுக்கு மூன்று என்று பங்கு பிரித்தால் 300 முடிந்துவிடும். மீதி 10 இழப்புகளை நான்காவதாக யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். குறைந்தது 10 சதவீதம். உண்மையில் அதற்கு மேலும் இருக்கலாம், 70 வரை.

கருத்துக்கணிப்பு முடிவுகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது. ‘ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தேர்ந்தெடுக்கலாம்’ என்று ஒரு கேள்வி இருந்தால், சதவீதங்களின் கூட்டல் 100ஐத் தாண்டும். அது பிழையில்லை. ஆனால் ‘60 சதவீதம் பேர் இதைச் சொன்னார்கள், 55 சதவீதம் பேர் அதைச் சொன்னார்கள்’ என்று படித்துவிட்டு, ஏறக்குறைய எல்லோரும் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது பிழை. இரண்டையும் சேர்த்துச் சொன்னவர்கள் 15 முதல் 55 சதவீதம்வரை எதுவாகவும் இருக்கலாம். எதையுமே சொல்லாதவர்கள் யாருமில்லாமலும் இருக்கலாம், 40 சதவீதம்வரையும் இருக்கலாம். வட்டங்களின் அளவைப் பார்த்தும் முடிவுக்கு வரக் கூடாது. வென்படத்தில் பெரிய பகுதிக்கு அதிக ஆட்கள் என்று அர்த்தமில்லை. அளவுக்கேற்ப வரைந்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் மட்டுமே அப்படிப் படிக்கலாம்.

இதுவரை பொதுவானவர்கள் ஒரு தொந்தரவாகத்தான் இருந்தார்கள். இருமுறை எண்ணப்பட்டு, கழிக்க வேண்டியவர்களாக. அவர்களை வைத்தே, யாரும் எண்ணாதவர்களையும் மதிப்பிடலாம் என்பதுதான் இந்தக் கணக்கின் மிக அழகான திருப்பம். ஒரு ஏரியில் 200 மீன்களைப் பிடித்து அடையாளம் போட்டு விட்டுவிடுகிறார்கள். சில நாள் கழித்து 150 மீன்களைப் பிடிக்கிறார்கள். அவற்றில் 30 மீன்களில் பழைய அடையாளம் இருக்கிறது. இரண்டாவது வலையில் ஐந்தில் ஒரு பங்கு அடையாளமிட்டவை. ஏரியிலும் அதே விகிதம்தான் இருக்க வேண்டும் என்றால், 200 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஏரியில் மொத்தம் சுமார் 1000 மீன்கள். வென்படமாகப் பார்த்தால், முதல் வட்டத்தில் மட்டும் 170, இரண்டாவதில் மட்டும் 120, நடுவில் 30. வெளியே உள்ளவை எத்தனை என்பதுதான் கேள்வி. 170ஐ 120ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 680. பிடிபடவே பிடிபடாத மீன்களின் எண்ணிக்கை அது.

மீனுக்குப் பொருந்தியது மனிதருக்கும் பொருந்தியது. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் எவ்வளவு விடுபடுகிறது என்று கண்டுபிடிக்க, புள்ளியியலாளர்களான சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் இதே தர்க்கத்தை ஒரு முறையாக வகுத்தார்கள். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர் பகுதியில் பதிவேட்டில் இருந்தவற்றையும் வீடுவீடாகக் கேட்டு எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் வந்தவை, பதிவேட்டில் மட்டும் வந்தவை, வீடுவீடாக எடுத்த பட்டியலில் மட்டும் வந்தவை, இந்த மூன்று எண்களிலிருந்து இரண்டிலும் வராதவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தபின் நடத்தும் சரிபார்ப்புக் கணக்கெடுப்புகளுக்கும் இதுதான் அடிப்படை.

இங்கே நடுப்பகுதியில் வரும் சின்னப் பிழை என்ன செய்யும் என்று பாருங்கள். இரண்டு பட்டியல்களிலும் ஒரே ஆள்தானா என்று பெயரையும் வயதையும் முகவரியையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பெயரின் ஒரு எழுத்து மாறியிருந்தால், வீட்டு எண் விடுபட்டிருந்தால், ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். ஏரிக் கணக்கின் எண்களையே எடுத்துக்கொண்டு, பட்டியல்களில் 200 பேரும் 150 பேரும், உண்மையில் பொதுவானவர்கள் 30 பேர், நாம் அடையாளம் கண்டது 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டியல்களிலும் சேர்த்து எத்தனை பேர் என்ற கணக்கு 320இலிருந்து 326ஆக மாறும். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மொத்த மதிப்பீடு 1000இலிருந்து 1250க்குத் தாவிவிடும். நடுவில் ஆறு பேரைத் தவறவிட்டதற்கு, இல்லாத 250 பேர் முளைத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து உண்டு. இந்த முறை முழுவதும், ஒரு பட்டியலில் விடுபட்டதற்கும் மற்றதில் விடுபடுவதற்கும் தொடர்பில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நடைமுறையில் அப்படி இருப்பது அரிது. நிலையான முகவரி இல்லாதவர், பதிவேட்டிலும் வர மாட்டார், வீடுவீடாகப் போகும்போதும் கிடைக்க மாட்டார். அப்போது பட்டியலில் சுலபமாக ஏறுகிறவர்களே இரண்டிலும் திரும்பத் திரும்ப வருவார்கள், நடுப்பகுதி வீங்கும், வெளியே நிற்பவர்களின் மதிப்பீடு உண்மையைவிடக் குறைந்துபோகும். நோய்ப்பரவலை ஆராய்பவர்கள் இதனால் இரண்டோடு நிற்காமல் மூன்றாவது பட்டியலையும் தேடுவார்கள்: மருத்துவமனைப் பதிவு, ஆய்வகப் பதிவு, மருந்துச் சீட்டுப் பதிவு. மூன்று வட்டங்கள் வந்துவிட்டால் ஏழு பகுதிகளுக்கு எண் கிடைக்கிறது, பட்டியல்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா என்று இரண்டிரண்டாகச் சோதிக்கவும் முடிகிறது. எட்டாவது பகுதியை மட்டும் அப்போதும் மதிப்பிட்டுத்தான் எழுத வேண்டும்.